பெயர் தெரியாத பழைய படகு இன்ஜினை அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய படகு இன்ஜின் ஒன்று கைக்கு வருகிறது. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கிடக்கிறது, பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் பாக்கி. அதைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், "இது அந்தக் கம்பெனி இன்ஜின் மாதிரி இருக்கே" என்று ஒரு பெயரைப் பிடித்துக்கொள்வதுதான். அந்தப் பெயர் மனதில் விழுந்துவிட்டால் அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். நானும் இப்படித்தான் ஒரு இரண்டு சிலிண்டர் இன்ஜினுக்கு அவசரமாகப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கான கேஸ்கெட்டை வரவழைத்து, அது ஒரு போல்ட் ஓட்டைக்குக்கூடப் பொருந்தாமல் போன பிறகுதான் புத்தி வந்தது.

அதனால் இதில் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் இன்ஜினை விவரிப்போம், அளப்போம், பிறகுதான் தேடுவோம். படகுக்குள் உட்காரும் இன்ஜின்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்களின் எண் முறை வேறு மாதிரி, அதை இங்கே கலக்கவில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் ஸ்கேல், த்ரெட் கேஜ் (போல்ட்டின் மரையை ஒப்பிட்டு அளக்கும் பல் தகடுகள்), காந்தம், சாக்பீஸ், மெல்லிய தாளும் பென்சிலும், டார்ச், துருவில் ஊறும் எண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ். த்ரெட் கேஜில் அங்குல மரை, மெட்ரிக் மரை, பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் மரை மூன்றும் இருக்கட்டும். பலர் மெட்ரிக் கேஜை மட்டும் வைத்துக்கொண்டு திணறுவார்கள்.

கம்பி பிரஷை எடுத்து வையுங்கள், ஆனால் பித்தளைப் பலகைக்கும் பஞ்ச் அடித்த எண்களுக்கும் அருகே கொண்டுபோகாதீர்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். நூறு வருஷம் கடல் உப்பைத் தாங்கிய எண்ணை அரை நிமிஷத்தில் வழித்துவிடலாம்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய வெள்ளைப் பட்டையோ கயிறோ ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைப் பிய்க்காமல் விட்டுவிடுங்கள். கார்புரேட்டரிலும் டேங்கிலும் பெட்ரோல் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மற்ற வேலை.

2. கழுவும் முன், கழற்றும் முன் படம் எடுங்கள்

நான்கு பக்கமும் நேராக நின்று, அப்புறம் மேலிருந்து. ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேல் தெரியட்டும். குனிந்து, சாய்ந்து, அழகாக எடுக்கும் படங்களில் விகிதம் மாறிவிடும், பழைய கேட்டலாக் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவாது.

கழுவுவதற்கு முன் ஏன்? அழுக்கும் ஒரு தடயம். கழன்றுபோன பலகையின் நிழல் பெயின்ட்டில் தெரியும், அதன் நீளமும் வடிவமும் பின்னால் கைகொடுக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதும் இப்போதுதான் தெரியும். கழற்றிக் கழுவி மேஜையில் பரப்பிய பிறகு, எந்தப் பக்கம் எக்ஸாஸ்ட் இருந்தது என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

3. எது முன், எது பின் என்று முடிவு செய்யுங்கள்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. படகுக்கென்றே செய்த பழைய இன்ஜின்களில் பெரிய ஃப்ளைவீல் பெரும்பாலும் முன்னால், படகின் மூக்குப் பக்கம் இருக்கும், ஏனென்றால் அதைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். கார் இன்ஜினிலிருந்து மாற்றியதில் ஃப்ளைவீல் பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும்.

எனவே "முன்பக்கம்" என்று எழுதாமல் "புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம்", "அதற்கு எதிர்ப்பக்கம்" என்று குறியுங்கள். இடம் வலமும் அப்படியே: ஷாஃப்ட் பக்கம் நின்று இன்ஜினைப் பார்க்கும்போது கார்புரேட்டர் எந்தக் கை, எக்ஸாஸ்ட் எந்தக் கை, மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) எந்தக் கை.

சுழலும் திசையையும் எழுதுங்கள். இரட்டை இன்ஜின் படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுழலும்படி செய்திருப்பார்கள். ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பற்றும் வரிசை, வழக்கமாக 1-5-3-6-2-4. உங்கள் கையில் இருப்பது 1-4-2-6-3-5 என்று காட்டினால் யாரோ வயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், அது எதிர்த்திசை இன்ஜினாகவும் இருக்கலாம்.

4. இது பிறவியிலேயே படகு இன்ஜினா?

மூன்று சாத்தியங்கள். படகுக்கென்றே வார்த்தது, கார் அல்லது லாரி இன்ஜினைப் படகுக்கு மாற்றியது, தரையில் நின்று பம்பு ஓட்டிய இன்ஜினை யாரோ படகில் ஏற்றியது. இந்த வகைப்பாடு முடியாமல் தேட ஆரம்பித்தால் தவறான கேட்டலாக்கில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள்.

படகுக்கென்றே செய்ததில் தாங்கும் காதுகள் கிராங்க் ஷாஃப்டின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட இணையாக, இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். படகின் நீளவாட்டுக் கட்டைகள்மேல் உட்கார வேண்டுமே! தரை இன்ஜினுக்குக் கால்கள் அடியில் இருக்கும். அதோடு தரை இன்ஜின்கள் பலவற்றில் சிலிண்டரைச் சுற்றி மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி உண்டு. ஆடும் படகில் அதற்கு என்ன வேலை? படகு இன்ஜினில் கடல்நீரை இழுக்கும் பம்பு இருக்கும், பழையதில் அது எக்ஸென்ட்ரிக்கால் (மையம் விலகிச் சுழலும் வட்டு) மேலும் கீழும் ஓடும் பித்தளைப் பிளஞ்சர் பம்பு. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவு மூடிகள் இருந்தால் அதுவும் படகுச் சாதிக்கான அடையாளம், இன்ஜினைத் தூக்காமலே உள்ளே பேரிங்கைப் பார்ப்பதற்காக வைத்தது.

கார் வழி வந்ததை வேறு விதமாகப் பிடிக்கலாம். ஃபேன் இருக்காது, ஆனால் ஃபேன் இருந்த இடம் தெரியும். தண்ணீர் ஓடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பிற்பாடு ஏறியிருக்கும், பிளாக்கின் வார்ப்போடு அதன் வார்ப்புத் தரம் ஒத்துப்போகாது. சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு) படகுக்காக ஆழம் குறைத்தோ சாய்த்தோ இருக்கும்.

இந்த வகையில் ஒரே இன்ஜினுக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம்: பிளாக்கைச் செய்தவர் ஒருவர், படகுக்கு மாற்றி விற்றவர் இன்னொருவர். இரண்டாம் உலகப் போரின் ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகுகளில் பரவலாக இருந்த 225 குதிரைத்திறன் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் கிரே மரைன் 64 எச்என் 9 என்று இருக்கும், அடியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் டெட்ராய்ட் டீசல் 6-71. எது சரி என்று கேட்டால் இரண்டும் சரி. உதிரிபாகம் தேடும்போது பிளாக்கின் பெயர் வேண்டும், வாட்டர் பம்பு, மேனிஃபோல்ட் தேடும்போது மாற்றியவர் பெயர் வேண்டும்.

5. எழுத்துகளைப் படியுங்கள், ஆனால் எல்லா எழுத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

இன்ஜினில் மூன்று வகை எழுத்து இருக்கும். வார்ப்பிலேயே புடைத்து நிற்பது, பஞ்ச் அடித்துக் குழிந்திருப்பது, பலகையில் இருப்பது. புதியவர்கள் கண்ணில் பட்ட பெரிய எண்ணைச் சீரியல் நம்பர் என்று எழுதி அனுப்புவார்கள். பத்தில் எட்டு முறை அது வார்ப்பு எண்ணாகத்தான் இருக்கும்.

புடைத்த எண் அந்தப் பாகத்தின் அச்சுக்கு உரியது, ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் பிளாக்கிலும் அதே எண் இருக்கும். குழிந்த எண் அந்த ஒரு இன்ஜினுக்கு உரியது. முதலாவது எந்த மாடல் என்று சொல்லும், இரண்டாவது எத்தனையாவது என்று சொல்லும். பெயர் தேடும் கட்டத்தில் முதலாவதுதான் பெரிது.

வார்ப்பு எண்களை ஒரு பாகத்தில் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சிலிண்டர், கிராங்க்கேஸ், மேனிஃபோல்ட், பம்பு உடல், பக்க மூடிகள், அவற்றின் உள்பக்கம் என்று குறைந்தது ஆறு இடத்தில் பொறுக்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்தோ ஒரே முதல் இரண்டு இலக்கமோ திரும்பத் திரும்ப வந்தால் அது மாடலின் குறி அல்லது கம்பெனியின் குறி. அந்த முன்னெழுத்து இல்லாத பாகம் வெளியிலிருந்து வாங்கியது, அல்லது பிற்பாடு யாரோ மாட்டியது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் ஒரு மணி நேர வேலை இந்தக் கலையில் கிடையாது.

பஞ்ச் அடித்த எண் ஒளிந்திருக்கும் இடங்கள்: சிலிண்டர் கிராங்க்கேஸோடு சேரும் விளிம்பு, தாங்கும் காதின் மேல்தளம், ஃப்ளைவீலின் வெளிவட்டம், டைமிங் கியர் மூடி, கிராங்க் ஷாஃப்டின் முனை. மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாக்பீஸைத் தட்டையாகத் தேய்த்தாலும் குழிவு எழும்பும். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல், பல நேரம் போட்டோவைவிடத் தெளிவு.

3-ஐயும் 8-ஐயும், 6-ஐயும் 0-வையும் மாற்றிப் படிப்பது எல்லோருக்கும் நடக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஒரே எண்ணின் கடைசி இலக்கங்கள் கனெக்டிங் ராடிலும் பேரிங் மூடிகளிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாமல் வேறு எண் இருந்தால், இரண்டு இன்ஜினைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கக்கூடும்.

பலகை இருந்தால் நல்லது, ஆனால் அது நான்கு ஆணியில் நிற்பது. ஆணி கழன்றால் பலகை வேறு இன்ஜினுக்குப் போய்விடும். வார்ப்பு ஒன்று சொல்லி, பலகை வேறு சொன்னால் நான் வார்ப்பின் பக்கம். பெயின்ட் நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி. வேண்டுமானால் ஒரு மறைவான மூலையில் சுரண்டி அடியில் முதல் பூச்சு என்ன நிறம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. அடுத்தவர் பெயர்களைத் தனியே ஒதுக்குங்கள்

இன்ஜினில் பெரிய எழுத்தில் பெயர் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டவர்களில் பாதிப் பேர் கண்டது மேக்னெட்டோவின் பெயரை. பாஷ், லூகாஸ், விக்கோ, ஐஸ்மான், ஸ்ப்ளிட்டார்ஃப் என்றெல்லாம் இருந்தால் அது தீப்பொறிக் கருவியைச் செய்தவர். ஷெப்லர், ஜெனித், கிங்ஸ்டன், ஸ்ட்ராம்பர்க் என்றால் கார்புரேட்டர். சிஏவி, சிம்ஸ் என்றால் பெரும்பாலும் டீசல் பம்பு. பாரகன் என்றால் ரிவர்ஸ் கியர். லுங்கன்ஹைமர் என்ற சின்சினாட்டி கம்பெனியின் பெயர் எண்ணெய்க் கிண்ணத்திலும் குழாய் வால்விலும் ப்ரைமிங் கப்பிலும் இருக்கும். பெயரை மட்டும் நம்பினால் உலகத்துப் படகு இன்ஜின்களில் கால்வாசியை அவர்களே செய்ததாக ஆகிவிடும்.

ஒரு விதிவிலக்கு நினைவில் இருக்கட்டும். ஃபேர்பாங்க்ஸ் மோர்ஸ் மேக்னெட்டோவும் செய்தார்கள், முழுப் படகு இன்ஜினும் செய்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் அது எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே வாயைத் திறக்க வேண்டும்.

ஒதுக்கச் சொன்னேனே தவிர எறியச் சொல்லவில்லை. இந்தப் பெயர்கள் நாட்டையும் காலத்தையும் நெருக்கிக் காட்டும். அதேபோல வால்விலும் லீவரிலும் வார்த்திருக்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள். திற, மூடு என்பதற்கு ஜெர்மன் இன்ஜினில் ஆவ்ஃப், ட்சூ என்றும் பிரெஞ்சு இன்ஜினில் ஊவேர், ஃபெர்மே என்றும் இருக்கும். கம்பெனிப் பெயரே இல்லாத இன்ஜின்கூட எந்த மொழி பேசுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

7. உடல்வாகை எழுதுங்கள்

சிலிண்டர் எத்தனை என்பதோடு, அவை எப்படி வார்க்கப்பட்டவை என்றும் எழுதுங்கள்: தனித்தனியாகவா, இரண்டிரண்டாகவா, மொத்தமும் ஒரே கட்டியாகவா. தனித்தனியும் இரட்டையும் முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் சர்வசாதாரணம். ஹெட் தனியாகக் கழலுமா, சிலிண்டரோடு சேர்ந்தே வார்த்ததா என்பதும் முக்கியம்.

அடுத்து இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா. வால்வு, கேம் ஷாஃப்ட், புஷ்ராடு எதுவுமே இல்லாமல், எக்ஸாஸ்ட் சிலிண்டரின் நடு உயரத்தில் வெளியேறினால் இரண்டு ஸ்ட்ரோக். அதில் கார்புரேட்டர் நேராகக் கிராங்க்கேஸில், உள்ளே ஒரு தடுப்பு வால்வோடு சேர்ந்தால் இரண்டு போர்ட் வகை. சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் சேர்ந்து, பிஸ்டனே வாயைத் திறந்து மூடினால் மூன்று போர்ட் வகை. கேட்டலாக்குகள் இந்தச் சொற்களில்தான் பேசும், அதனால் இப்போதே குறித்துவிடுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் என்றால் வால்வுகள் எங்கே? இன்லெட் ஒரு பக்கம், எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கம் என்று சிலிண்டரின் இரு தோளிலும் இருந்தால் டி-ஹெட், அது பழைய பாணி. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் எல்-ஹெட். ஹெட்டின் மேலே இருந்தால் ஓவர்ஹெட் வால்வு.

தீ எப்படிப் பற்றுகிறது என்பதில் புதியவர்கள் விழாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. ஸ்பார்க் பிளக் ஓட்டை இல்லை, ஆகவே டீசல் என்பார்கள். பொறுங்கள். சிலிண்டரின் பக்கத்தில் இரண்டு மூன்று போல்ட்டில் நிற்கும் சிறிய தகடும், அதை வெளியிலிருந்து தட்டிவிடும் ஒரு கம்பியும் இருந்தால் அது மேக் அண்ட் பிரேக். சிலிண்டருக்குள்ளே இரண்டு முனைகள் தொட்டு விலகும்போது பொறி எழும். குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்வதால் ஈரமும் உப்புத் துளியும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் செய்த அகேடியா, அட்லாண்டிக் போன்ற மீன்பிடிப் படகு இன்ஜின்களில் இந்த முறை வெகுகாலம் நீடித்தது அதனால்தான். மேக் அண்ட் பிரேக் இருக்கிறது என்பதற்காக மட்டும் 1910-க்கு முந்தையது என்று எழுதிவிடாதீர்கள்.

பிளக்கும் இல்லை, தட்டும் கம்பியும் இல்லை, தலையில் வெங்காயம் போல ஒரு தடித்த வார்ப்பு துருத்திக்கொண்டிருக்கிறது, அதற்கு அடியில் ஊதுவிளக்கு வைக்க இடம் இருக்கிறது என்றால் அது ஹாட் பல்ப் இன்ஜின், செமி டீசல் என்றும் சொல்வார்கள். அந்தக் குமிழை முதலில் விளக்கால் சுடவைத்துத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். ஸ்வீடனின் பொலிண்டர் இந்த வகையில் பேர் பெற்றது.

இதற்குத் தலைகீழாக ஏமாற்றும் இன்ஜினும் உண்டு. கிளாஸ்கோவின் கெல்வின் கே வரிசை டீசலில் ஸ்பார்க் பிளக், மேக்னெட்டோ, கார்புரேட்டர் எல்லாம் இருக்கும், ஏனென்றால் அதைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் டீசலுக்கு மாற்றுவார்கள். கார்புரேட்டரைப் பார்த்ததுமே பெட்ரோல் இன்ஜின் என்று எழுதினால் அங்கேயே தடம் மாறிவிடும். டீசல் பம்பும் கூடவே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

8. போரும் ஸ்ட்ரோக்கும் அளங்கள்

போர் என்பது சிலிண்டரின் உள்விட்டம், ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம். பெயர் தெரியாத இன்ஜினுக்கு இவை இரண்டும்தான் கைரேகை. சிலிண்டர் எண்ணிக்கை, போர், ஸ்ட்ரோக் என்ற மூன்று எண்கள் இருந்தால் பழைய பட்டியல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும் இன்ஜின்கள் கையளவுக்குச் சுருங்கிவிடும்.

இரண்டில் ஸ்ட்ரோக்கை முதலில் அளங்கள், அதை அதிகம் நம்புங்கள். போர் தேயும், ரீபோர் செய்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்தால், பெரிதாகும். ஸ்ட்ரோக் கிராங்க் ஷாஃப்டோடு பிறந்தது, தேய்மானத்தால் மாறாது.

பிளக் ஓட்டை பிஸ்டனுக்கு நேர் மேலே இருந்தால் மெல்லிய மரக்குச்சியை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுழற்றி, மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் குறி போட்டு வித்தியாசத்தை அளக்கலாம். குச்சியைத் தளர்வாகப் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் உள்ளே ஒடியும். எல்-ஹெட்டில் பிளக் பெரும்பாலும் வால்வுக்கு மேலே இருக்கும், சாய்ந்த ஓட்டையிலும் கணக்கு தப்பும். அங்கெல்லாம் பக்க மூடியைக் கழற்றி, கிராங்க் முழங்கை மேலேயும் கீழேயும் போகும் தூரத்தை அளப்பது நல்லது.

இன்ஜின் இறுகியிருந்தால் பலவந்தம் கூடாது. எண்ணெய் ஊற்றிச் சில நாள் விடுங்கள், அதுவரை மற்ற படிகளைப் பாருங்கள். நீண்ட பைப்பை மாட்டி மிதித்து ஃப்ளைவீல் ஆரத்தை உடைத்தவர்களை எனக்குத் தெரியும்.

போர் அளக்க ஹெட் கழல வேண்டும். கழற்றினால் சிலிண்டரில் ரிங் ஓடும் பகுதியில் அளக்காதீர்கள், அங்கேதான் ரிங் உரசித் தேய்ந்திருக்கும். உச்சியில் ரிங் எட்டாத ஒரு சிறு விளிம்பு இருக்கும், அதுதான் பழைய அளவு. 3.905 அங்குலம் வந்தால் பதற வேண்டாம், 3.875-ஐ 0.030 பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ரீபோர் வழக்கமாக 0.030, 0.060 என்ற படிகளில் நடக்கும்.

அப்புறம் எண்ணை அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் எழுதிப் பாருங்கள். எதில் முழுசாக, அழகாக வருகிறதோ அதில்தான் வரைந்திருப்பார்கள். 95.25 மி.மீ., 101.6 மி.மீ. என்றால் அசிங்கமாக இருக்கிறது, 3¾ அங்குலம், 4 அங்குலம் என்றால் பளிச்சென்று இருக்கிறது. நான்கு சிலிண்டரோடு இந்த அளவு வந்தால் அது ஃபோர்டு மாடல் டி, 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்த கார் இன்ஜின், படகுகளுக்கும் தாராளமாகப் போனது.

போர் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். நான்கு சிலிண்டர், 3⅞ அங்குலப் போர். ஸ்ட்ரோக் 4¼ என்றால் ஃபோர்டு மாடல் ஏ பெட்ரோல் இன்ஜின். ஸ்ட்ரோக் 5 என்றால் பெர்கின்ஸ் 4.236 டீசல். இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறை வித்தியாசம்.

கொள்ளளவுக்கு போர் × போர் × 0.7854 × ஸ்ட்ரோக் × சிலிண்டர் எண்ணிக்கை. இதைக் கணக்கிட்டு வைப்பதற்குக் காரணம் உண்டு. பெயருக்குள்ளேயே கொள்ளளவை ஒளித்து வைத்த கம்பெனிகள் இருக்கின்றன. பெர்கின்ஸ் 4.236 என்றால் நான்கு சிலிண்டர், மொத்தம் 236 கன அங்குலம். டெட்ராய்ட் 6-71 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். ஒன்றில் மொத்தம், மற்றதில் தனி. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குதிரைத்திறன் எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பழைய பிரிட்டிஷ் வரிக் கணக்கில் குதிரைத்திறன் என்பது அங்குலத்தில் போரின் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி 2.5-ஆல் வகுத்தது, அவ்வளவுதான். அதன்படி மாடல் ஏ 24 குதிரைத்திறன், உண்மையில் அது தருவது 40.

9. மரைகளைப் பாருங்கள்

இன்ஜின் எந்த நாட்டில் பிறந்தது என்பதை மரை சொல்லும். எந்த போல்ட்டைப் பார்ப்பது என்பதில்தான் சாமர்த்தியம். மேனிஃபோல்ட், பம்பு போல்ட்டுகளை இதுவரை பத்துப் பேர் மாற்றியிருப்பார்கள். பேரிங் மூடி, சிலிண்டர் அடி ஸ்டட், ஹெட் ஸ்டட் இவற்றைப் பாருங்கள்.

அரை அங்குல போல்ட்டைத் தேடிப் பிடியுங்கள். ¼, 5/16, ⅜ அங்குலங்களில் அமெரிக்கக் கரடு மரைக்கும் பிரிட்டிஷ் விட்வொர்த்துக்கும் ஒரு அங்குலத்தில் உள்ள மரை எண்ணிக்கை ஒன்றே, கேஜ் இரண்டிலும் உட்காருவது போலத் தோன்றும். அரை அங்குலத்தில்தான் பிரிகிறார்கள்: அமெரிக்கன் 13, விட்வொர்த் 12. மரையின் கோணமும் வேறு, அமெரிக்கன் 60 பாகை, விட்வொர்த் 55. 12 மி.மீ. போல்ட்டில் 1.75 மி.மீ. இடைவெளி வந்தால் மெட்ரிக்.

அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-ல் பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. ஆகவே பிரிட்டிஷ் இன்ஜின் என்று மற்ற எல்லாம் சொல்லி, உள் ஸ்டட்டுகள் பொது மரையாக இருந்தால் அது அதற்குப் பிந்தைய வடிவமைப்பு என்று நினைக்கலாம்.

பிளக் ஓட்டையையும் அளங்கள். அரை அங்குலக் குழாய் மரை பழைய அமெரிக்க இன்ஜின்களின் வழக்கம், மாடல் டியிலும் அதுதான். ⅞ அங்குலமும் அமெரிக்கப் பாணி. 18 மி.மீ. ஐரோப்பாவில் வெகுகாலம் ஓடியது, 14 மி.மீ. பிற்பாடு பரவியது.

10. காலத்தைக் குறுக்குங்கள்

பலகையில் "பேட்டன்ட்" என்று போட்டு ஒரு வருஷம் இருந்தால் அது காப்புரிமை கிடைத்த வருஷம். செய்த வருஷம் அல்ல. பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள், இன்ஜின் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

தேதி இல்லாமல் அமெரிக்கக் காப்புரிமை எண் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. பத்து லட்சமாவது எண் 1911-லும் இருபது லட்சமாவது 1935-லும் முப்பது லட்சமாவது 1961-லும் வந்தன. அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆவணம் இலவசமாகக் கிடைக்கும், அதில் கண்டுபிடித்தவர் பெயரும், சில நேரம் அவர் எந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார் என்பதும் இருக்கும். பெயரே இல்லாத இன்ஜினுக்கு இப்படிப் பெயர் கிடைத்ததுண்டு. ஆனால் எண் கார்புரேட்டரில் இருந்தால் கிடைப்பது கார்புரேட்டர்காரர் பெயர், ஆறாம் படியை மறக்க வேண்டாம்.

சில அமெரிக்க வார்ப்புகளில் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, பிறகு ஒன்றோ இரண்டோ இலக்கத்தில் ஓர் எண், கடைசியில் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். எழுத்து மாதம், அடுத்தது நாள், கடைசி இலக்கம் வருஷம். சி 14 8 என்றால் மார்ச் 14, எட்டில் முடியும் வருஷம். 1938-ஆ 1948-ஆ என்று மற்ற அடையாளங்கள்தான் சொல்ல வேண்டும்.

கம்பெனியின் பெயர் எழுதிய விதமும் உதவும். பென்டாவை வால்வோ 1935-ல் வாங்கியது, எனவே வெறும் பென்டா என்று இருப்பதும் வால்வோ பென்டா என்று இருப்பதும் வேறு வேறு காலம்.

11. இப்போது பெயரைத் தேடுங்கள்

அந்தக் காலத்துப் படகு இதழ்கள் விற்பனையில் இருந்த இன்ஜின்களைச் சிலிண்டர், போர், ஸ்ட்ரோக், எடை என்று அட்டவணை போட்டு வெளியிட்டன. பல இதழ்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. உங்கள் மூன்று எண்ணை அங்கே தேடுங்கள். படகின் பழைய பதிவுத்தாள் கிடைத்தால் அதிலும் இன்ஜின் விவரம் இருக்கலாம், ஆனால் இடையில் இன்ஜின் மாறியிருக்கலாம் என்பதை ஒரு கண்ணில் வையுங்கள்.

இரண்டு மூன்று பெயர்கள் தேறும். ஒவ்வொன்றுக்கும் கேட்டலாக் படத்தை எடுத்து, ஒத்துப்போவதைத் தேடாமல் ஒத்துப்போகாததைத் தேடுங்கள். எண்ணெய்க் கிண்ணம், கார்புரேட்டர் மாறியிருந்தால் பரவாயில்லை, அவை மாறக்கூடியவை. ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கை, பக்க மூடியின் வடிவம், காதுகளுக்கு இடையே உள்ள தூரம், எக்ஸாஸ்ட் இருக்கும் பக்கம் இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பெயரை அடியுங்கள். "கொஞ்சம் மாற்றிச் செய்திருப்பார்கள்" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் பழையபடி நான் கேஸ்கெட் வாங்கின கதைதான்.

12. பிறரிடம் கேட்பதும், குறித்து வைப்பதும்

"இது என்ன இன்ஜின்?" என்று மங்கலான ஒரு படத்தோடு கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: "இரண்டு ஸ்ட்ரோக், மூன்று போர்ட், இரண்டு சிலிண்டர் தனித்தனி வார்ப்பு, ஹெட் சேர்ந்தே வார்த்தது, போர் 4, ஸ்ட்ரோக் 4 அங்குலம், அமெரிக்க மரை, ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் இடது கை, வார்ப்பு எண்கள் எல்லாம் எச் என்று தொடங்குகின்றன, மேக்னெட்டோ பிற்பாடு மாட்டியது." இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் பேசாமல் இருப்பார். இரண்டும் லாபம்.

பதில் வந்தால் எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். தன்னிடம் அதே வார்ப்பு எண்ணோடு ஒன்று இருக்கிறது என்றால் எடை அதிகம், தாத்தா படகில் இப்படி ஒன்று இருந்த ஞாபகம் என்றால் குறைவு.

கிடைத்ததையெல்லாம் ஒரு தகட்டு டேக்கில் எழுதி இன்ஜினிலேயே கம்பியால் கட்டுங்கள். அளந்தது ஒரு பக்கம், ஊகித்தது மறு பக்கம். பெயர் உறுதியாகவில்லை என்றால் கேள்விக்குறியோடு எழுதுங்கள். அந்தக் கேள்விக்குறியைப் போடாமல் விட்டால், இன்ஜின் அடுத்த கை மாறும்போது உங்கள் ஊகமே அதன் பெயராகிவிடும்.